சுமையும் தடுப்பும்: நாவலப்பிட்டி மலைவீதிகளில் பழைய மோட்டார்க் கார்களின் பிறேக் அமைப்பு – ஒரு நோக்கு

1. முன்னுரை

மலையக மக்களின் வாழ்வு பற்றிய நமது ஆய்வுகள் தேயிலையையும் கூலியையும், லயத்தையும் குடியுரிமையையும் பெருமளவு பேசியுள்ளன. அம்மக்களையும் அவர்தம் பொருள்களையும் மலைமீதிருந்து நகருக்குக் கொண்டுவரும் வாகனங்களைப் பற்றியோ, அவ்வாகனங்கள் நிற்குமா நில்லாவா என்பது பற்றியோ நாம் எழுதியது மிகக் குறைவு. தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே மோட்டார்க் காரின் பிறேக்குக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துத் தமிழில் நூல்களையும் ஆக்குவித்த சாமுவேல் கிறீனின் பணியை நமது அறிவியல் மரபின் பகுதியாக நாம் ஏற்றுக்கொள்கிறோம். உடலைப் பற்றிய அறிவுக்குத் தமிழில் இடமுண்டெனில், அவ்வுடலைச் சுமந்து செல்லும் பொறியைப் பற்றிய அறிவுக்கும் இடமுண்டு.

பழைய கார், கூடுதற் சுமை, செங்குத்தான இறக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது பிறேக் அமைப்பு எவ்வாறு இயங்குகிறது, ஏன் தவறுகிறது, எவ்வொழுங்கில் அதனை வலுப்படுத்த வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். வேகத்தைக் கூட்டுவதற்கும் சுமையைக் கூட்டுவதற்கும் கிடைக்கும் பணம், நிறுத்துவதற்கு மட்டும் ஏன் இறுதியாகவே கிடைக்கிறது என ஆராய்வது இரண்டாவது நோக்கமாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

2. பழைய கார் ஏன் இன்னும் ஓடுகிறது

மொறிஸ் மைனர் கார் 1948 இல் இங்கிலாந்திலே அறிமுகப்படுத்தப்பட்டது. அலெக் இசிகொனிஸ் என்பாரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இக்கார், 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலியனவும் இக்காலத்தவையே. இலங்கையிலே 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார்க் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு யப்பானிய வாகனங்கள் பெருகிய போதும், பழைய கார்கள் வீதியை விட்டு முற்றாக அகலவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறக்கப்பட்டது. இவ்விடைக்காலத்திற் பழைய வாகனங்களின் விலையும் தேவையும் உயர்ந்தன.

பொறிகளின் தேய்மானம் இருவகைப்படும் என மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே விளக்கியுள்ளார். ஒன்று, பயன்பாட்டினால் ஏற்படும் பௌதிகத் தேய்மானம். மற்றையது, புதிய பொறி சந்தைக்கு வருவதனால் பழையது தன் பெறுமதியை இழக்கும் தேய்மானம். முன்னேறிய முதலாளித்துவ நாடுகளிலே ஒரு கார் பெரும்பாலும் இரண்டாவது வகைத் தேய்மானத்தாலேயே வீதியை விட்டு அகல்கிறது. நமது நாட்டிலோ அது முதலாவது வகைத் தேய்மானம் முற்றுப்பெறும் வரை, அதற்கு அப்பாலும் கூட, உழைக்க வைக்கப்படுகிறது. இதிலுள்ள முரணை ஓர் எடுத்துக்காட்டுத் தெளிவாக்கும். 1990களிலே தென்னிலங்கையில் இயங்கிய டியூரபிள் கார் கம்பனி என்னும் நிறுவனம், மைனர் காருக்கான உதிரிப் பாகங்களை உற்பத்தி செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்தது. அங்கே பழமை விரும்பிகளின் பொழுதுபோக்கான அதே கார், இங்கே குடும்பத்தின் தேவையாகவும் உழைப்பாளியின் கருவியாகவும் இருந்து வந்துள்ளது.

பழைய கார் பழைய நிலையிலேயே இருப்பதுமில்லை. மூல எஞ்சின் தேய்ந்த பின்னர் யப்பானிய எஞ்சினொன்று, சிலவேளை பாரங்கூடிய டீசல் எஞ்சினொன்று, பொருத்தப்படுகிறது. கூரையிலே பொருளேற்றும் கம்பிச் சட்டம் பூட்டப்படுகிறது. நால்வருக்கென அமைந்த ஆசனங்களில் அறுவர் அமர்கின்றனர். ஏறும் வலிமையும் ஏற்றும் வலிமையும் இவ்வாறு கூட, நிறுத்தும் வலிமை மட்டும் 1950களின் நிலையிலேயே நின்றுவிடுகிறது. நாம் ஆராயவேண்டிய சிக்கல் இதுவே.

3. மலையிறக்கம் என்னும் கணக்கு

பிறேக் காரை நிறுத்துகிறது என்பது வழக்கு. பௌதிக நோக்கிற் கூறின், அது இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றுகிறது. எனவே ஒரு பிறேக்கின் தகுதியை அறிய, அது எவ்வளவு வெப்பத்தை ஏற்று வெளிவிடக்கூடியது என்று கேட்க வேண்டும்.

நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்திலும், ஹட்டன் ஏறத்தாழ 1260 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை வழியாக நாவலப்பிட்டிக்கு வரும் கார், மொத்தத்தில் 680 மீட்டர் இறங்குகிறது. மைனர் காரின் வெற்று நிறை ஏறத்தாழ 770 கிலோகிராம். நான்கு பேருடன் அது 1050 கிலோகிராமை நெருங்கும். அறுவரையும் கூரைமீது 100 கிலோகிராம் பொருளையும் பாரங்கூடிய எஞ்சினையும் சேர்த்தால் மொத்தம் 1300 கிலோகிராம் எனக் கொள்வோம். 1300 கிலோகிராம் 680 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 87 இலட்சம் யூல் ஆகும். 25 பாகை வெப்பநிலையிலுள்ள 27 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதுமானது.

இதே கார் சமதரையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிறேக் ஏற்கும் சக்தி ஏறத்தாழ 1.25 இலட்சம் யூல் மட்டுமே. எனவே ஹட்டன் – நாவலப்பிட்டி இறக்கம், சமதரையில் ஏறத்தாழ 70 தடவை நிறுத்துவதற்குச் சமனாகும். இதில் ஒரு பகுதியை எஞ்சினின் இழுவையும் காற்றும் டயரின் உராய்வும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதனைத்தும் பிறேக்கின் மீதே விழும். நகர வீதியிலே நன்றாகப் பிடிக்கும் பிறேக் மலையிறக்கத்திலே கைவிடுவதன் காரணம் இதுதான். நகரத்திலே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையில் அது குளிர்வதற்கு நேரம் கிடைக்கிறது. மலையிறக்கத்தில் அந்த இடைவேளை இல்லை.

வெப்பம் சுமையோடு நேர்விகிதத்திற் கூடுவது. 1050 கிலோகிராம் 1300 ஆனால் வெப்பமும் 24 வீதத்தால் உயரும். வேகமோ வேறுவகையானது. வேகம் இருமடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். சுமை கூடிய வாகனம் மெதுவாக இறங்க வேண்டும் என்னும் அனுபவ அறிவின் அடிப்படை இதிலேயே உள்ளது.

4. டிரம் பிறேக் இயங்குவதும் தவறுவதும்

மைனர் காரின் நான்கு சக்கரங்களிலும் நீரியல் அமுக்கத்தால் இயங்கும் டிரம் பிறேக்குகளே இருந்தன. மிதிபலகையை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிறேக் எண்ணெய் குழாய்வழி தள்ளப்பட்டு, சக்கரச் சிலிண்டரின் முசலத்தை வெளியே தள்ளுகிறது. முசலம் லைனிங் பதித்த ஷூவைச் சுழலும் டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. சுழற்சித் திசையை எதிர்கொள்ளும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்குகிறது. இதனால், குறைந்த கால்வலுவிற் கூடிய பிடி கிடைக்கிறது. மைனரின் முன்சக்கரங்களில் இரு ஷூக்களும் இவ்வாறு அமைந்தவை.

இவ்வமைப்பு மூன்று வகையாகத் தவறலாம். முதலாவது, லைனிங் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும்போது அதன் உராய்வு குறைகிறது. மிதிபலகை இறுக்கமாகவே இருக்கும். ஆனால் கார் நிற்க மறுக்கும். இரண்டாவது, சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூவை விட்டு விலகுகிறது. மிதிபலகை வழமையிலும் கீழே செல்லும். மூன்றாவது, பிறேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உருவாகின்றன. எண்ணெய் அமுங்காது, ஆவியோ அமுங்கும். எனவே மிதிபலகை பஞ்சுபோலாகித் தரையைத் தொடும்.

மூன்றாவது தவறு நாவலப்பிட்டிப் பிரதேசத்திற் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வழமையான பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 140 பாகை மட்டுமே. டொட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகைகளாகும். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கிற் பொழியும் வட்டவளை, நாவலப்பிட்டி போன்ற இடங்களில் எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாது விடுவது, கொதிநிலையைத் தாமே குறைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் முற்றாக மாற்றுதல் வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே மறைந்திருப்பதால், எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பதே மறக்கப்பட்டுவிடுகிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

5. வலுப்படுத்தலின் ஒழுங்கு

பழைய பிறேக்கை மேம்படுத்துதல் என்றதும் டிஸ்க் பிறேக் பூட்டுவதையே பலர் நினைக்கின்றனர். அது படிநிலையில் முதலாவதன்று.

முதற்படி, உள்ளதை உள்ளவாறு சீர்செய்தல். வெடிப்புற்ற இறப்பர்க் குழாய்கள், கசியும் சக்கரச் சிலிண்டர்கள், நீள்வட்டமாகத் தேய்ந்த டிரம்கள், எண்ணெய் பட்ட லைனிங்குகள் ஆகியவற்றை மாற்றி, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிப்படுத்த வேண்டும். இப்படியைச் செய்யாது அடுத்ததற்குத் தாவுவது வீண்செலவு. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதுவது கராஜிலே வேலைசெய்யும் தொழிலாளியின் நுரையீரலைப் பாதிப்பது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

இரண்டாம் படி, முன் டிரம்களைப் பெரிதாக்குதல். தொடக்ககால மைனர்களின் டிரம் 7 அங்குல விட்டமுடையது. 1962 இல் 1098 சீசீ எஞ்சின் பொருத்தப்பட்டபோது உற்பத்தியாளரே முன் டிரம்மை 8 அங்குலமாக்கினர். எஞ்சினின் வலுக் கூடினால் பிறேக்கின் வலுவும் கூடவேண்டும் என்பதை இது காட்டுகிறது. இம்மாற்றத்தால் அதே விசைக்குக் கிடைக்கும் திருப்புவலு ஏறத்தாழ 14 வீதத்தாற் கூடும். வெப்பத்தை ஏற்கும் இரும்பின் அளவும் கூடும். நமது கணக்கிற் சுமை கூடியதோ 24 வீதம். எனவே இது பயனுள்ள படியாயினும், முழுமையான தீர்வன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த வூல்ஸ்லி 1500 காரின் 9 அங்குல முன் டிரம்களைப் பொருத்துவதும் நெடுங்கால வழக்கமாகும்.

மூன்றாம் படி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக். டிஸ்க்கின் இரு முகங்களும் காற்றுக்குத் திறந்தவை. ஆதலால் அது விரைவில் ஆறும். சூடேறி விரிந்தாலும் பிடியை விட்டு விலகாது. நீரில் நனைந்தாலும் விரைவிற் காயும். ஆயின் டிரம்மைப் போல் அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதில்லை. எனவே கூடிய கால்வலு வேண்டும், அன்றேல் சேர்வோ வேண்டும். டிஸ்க்கின் பெரிய முசலங்களுக்குக் கூடிய எண்ணெய் தேவைப்படுவதால் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாதல் வேண்டும். டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரில் குழாயினுள் சிறிதளவு அமுக்கத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று உண்டு. டிஸ்க் இணைந்த வழியிலே அதனை விட்டுவைத்தால், காலை எடுத்த பின்னரும் பிறேக் உரசிக்கொண்டே இருக்கும்.

சேர்வோ பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. சேர்வோ பூட்டினால் பிறேக் வலுப்பெறும் என்பது ஒன்று. அது சாரதியின் காலுக்கு உதவுகிறதேயன்றி, வெப்பத்தை ஏற்கும் ஆற்றலை அணுவளவும் கூட்டுவதில்லை. எந்த எஞ்சினோடும் அது இயங்கும் என்பது மற்றையது. பெற்றோல் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடமே சேர்வோவை இயக்குகிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய வெற்றிடம் போதியளவு உண்டாவதில்லை; அதற்கெனத் தனியான வெற்றிடப் பம்பு வேண்டும். டீசல் எஞ்சினுக்கு மாறிய பழைய கார்களில் முதலிற் பார்க்கவேண்டியது இதனையே.

நான்காம் படி, முன்பின் சமநிலை. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்னதாக இறுகிப் பூட்டிக்கொண்டால், கார் பக்கவாட்டிற் சுழன்றுவிடும். சுமை பின்னால் இருக்கும்போது பின்சக்கரங்கள் கூடிய பிடியைத் தாங்கும். வெறுமையாகத் திரும்பும்போது தாங்கா. எனவே முன்பிறேக்கைப் பெருப்பித்துப் பின்பிறேக்கை மூல அளவில் நன்னிலையில் வைத்திருப்பதே பாதுகாப்பானது. பாரத்தைப் பிடித்துச் சரிவிலே நிறுத்தவேண்டிய கைப்பிறேக்கும் பின் ஷூக்களிலேயே தங்கியுள்ளது என்பதை மறத்தலாகாது. தரையைப் பற்றுவது இறுதியில் டயரே. சுமைக்குத் தகாத, தேய்ந்த டயரோடு செய்யப்படும் பிறேக் மேம்பாடு பொருளற்றது.

ஐந்தாம் படி, இரட்டைவழி மாஸ்டர் சிலிண்டர். மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்வது ஒரே வழி. ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். இரட்டைவழியில் ஒன்று போனாலும் மற்றையது காக்கும். அமெரிக்காவிலே றல்ப் நேடரின் நூல் 1965 இல் எழுப்பிய விவாதத்தை அடுத்து, 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைவழி கட்டாயமாயிற்று. மைனருக்கும் அதனைப் பொருத்த முடியும். கூடிய சுமையோடு மலையிறங்கும் காருக்கு ஒழுங்கில் இது ஐந்தாவதாயினும், முக்கியத்துவத்தில் முதல் வரிசையைச் சேர்ந்தது.

6. பொறியும் பழக்கமும்

எத்துணை மேம்படுத்திய பிறேக்கும் எஞ்சினின் உதவியின்றி மலையிறக்கத்தைத் தாங்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய நெறி. இதற்கு மாறாக, எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு நியூட்ரலிலே இறங்குவோர் உளர். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவர். அப்போது எஞ்சினின் இழுவை அற்றுப்போகிறது. சேர்வோவில் எஞ்சிய வெற்றிடமும் சில மிதிகளிலே தீர்ந்துவிடுகிறது. எஞ்சின் ஏற்றிருக்கக்கூடிய பங்கும் பிறேக்கின் மீதே விழுகிறது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியை அனுபவித்த சமூகத்திலே சில துளி எரிபொருளின் பெறுமதியை எவரும் குறைத்துக் கூறமுடியாது. ஆயினும் அச்சேமிப்பு உயிர்களை ஈடுவைத்துப் பெறப்படுவதாகும்.

பிறேக்கை இடைவிடாது மெல்ல அழுத்தியவாறு இறங்குவதை விட, தேவையானபோது உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பின்னர் விட்டு ஆறவிடுவதே நன்று. கருகல் மணம், நீளும் மிதிபலகை, பஞ்சுபோன்ற மிதி ஆகியவை எச்சரிக்கைகள். அவை தோன்றின் கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, பிறேக் தானே ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய வார்ப்பிரும்பு டிரம்மின்மீது நீரூற்றினால் அது வெடிக்கக்கூடும்.

7. புகையிரதம் கற்பித்த பாடம்

சுமைக்கும் சரிவுக்கும் ஏற்ப நிறுத்தும் ஆற்றலைத் திட்டமிடுதல் நாவலப்பிட்டிக்குப் புதியதன்று. 1874 இல் இந்நகரை அடைந்த புகையிரதப் பாதை, 1884 இலேயே ஹட்டனை எட்டியது. 44 அடிக்கு ஓரடி என்னும் சரிவுடைய அப்பாதைக்கெனக் கூடுதல் எஞ்சின்களும் அவற்றைப் பேணும் கொட்டகையும் நாவலப்பிட்டியில் வைக்கப்பட்டன. அந்நகரின் தொழிலாள வர்க்கம் உருவானதில் புகையிரதத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆயின் புகையிரதத்துக்கும் இப்பாடம் இலவசமாகக் கிடைக்கவில்லை. 1889 யூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பாடசாலைச் சுற்றுலாவுக்காக அளவுக்கு மிஞ்சிய பயணிகளை ஏற்றிய புகையிரதம் ஏற்றத்திலே நின்றுவிட்டது. வண்டித்தொடரைப் பிரித்தபோது, பின்பகுதியின் தடுப்பு தானாக இயங்கும் வகையினதாக இருக்கவில்லை. பின்னோக்கி உருண்ட பெட்டிகள் அடுத்து வந்த புகையிரதத்தோடு மோதின. ஏறத்தாழ 80 பேர், பலர் சிறுவர், உயிரிழந்தனர். தானியங்கித் தடுப்பு என்பது அக்காலத்துக்குப் புதிய கண்டுபிடிப்பன்று. செலவைக் காரணங்காட்டிக் கம்பனிகள் அதனைத் தள்ளிப்போட்டு வந்தன. அதே ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றி அதனைக் கட்டாயமாக்கியது.

ஆர்மாவிலிருந்து 1968 இன் இரட்டைவழி வரை காணப்படும் பொதுவிதி ஒன்றுண்டு. வேகத்துக்கும் சுமைக்கும் சந்தையிலே விலையுண்டு. பிறேக்கின் பயன்பெறுமதியோ நிகழாது போன ஒரு விபத்து. நிகழாததை எவரும் விற்கவோ கணக்கில் எழுதவோ முடியாது. எனவே இலாபத்தின் தர்க்கத்திலே பிறேக் எப்போதும் கடைசி இடத்தையே பெறும். சமூகத்தின் அழுத்தமும் சட்டமுமே அதனை முன்னுக்குக் கொண்டுவந்துள்ளன.

8. முடிவுரை

நமது நாட்டிலே மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951 முதல் உண்டு. 2008 முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனையும் நடைமுறைக்கு வந்தது. தனியார் கார் ஒன்றின் வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பிறேக்கை அளந்த சான்று கேட்கப்படுவதில்லை. புகையை அளப்பது வேண்டியதே. ஆனால் 680 மீட்டர் இறக்கத்தின் அடியிலுள்ள நகரத்துக்கு அது மட்டும் போதாது.

விபத்து நிகழும்தோறும் சாரதியின் கவனக்குறைவு என்று கூறி அமைவது எளிது. சாரதி தவறக்கூடும். ஆனால் 1950களின் பிறேக்கோடு 1300 கிலோகிராமை மலையிறக்கும் நிலைக்கு அவனைத் தள்ளியது எது என்பதையும் கேட்டாக வேண்டும். கேட்பதோடு, உடனடியாகச் செய்யத்தக்கனவும் உள. வாகன உரிமையாளர் எஞ்சினை மாற்றுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிறேக்குக்கென முதலிலேயே ஒதுக்குதல் வேண்டும். கராஜ்களிலே அனுபவத்தாற் கற்ற பாஸ்மாருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் தொழினுட்பக் கைந்நூல்கள் கிடைக்கச் செய்தல் வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்ட பழைய கார்களுக்கு, முழுச் சுமையோடு பிறேக் பரிசோதனை செய்வதைச் சட்டம் வற்புறுத்துதல் வேண்டும். தோட்டத்திலிருந்து நோயாளியோடும் மரக்கறி மூட்டையோடும் இறங்கும் குடும்பத்துக்கு இவை ஆடம்பரமல்ல. அக்குடும்பம் நகரை வந்தடைவதற்கான குறைந்தபட்ச நிபந்தனைகள் இவையே.